குனோங் நுவாங்கில் இரண்டு நாள்: மலையேற்றமும் ஹாம் ரேடியோவும்

[திரையில்: பாங்சுன் நுழைவாயில், அதிகாலை]

வணக்கம். கோலாலம்பூரில் இருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் காரில் கிளம்பி, ஞாயிறு மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய மலை குனோங் நுவாங். உயரம் 1,493 மீட்டர். உலு லங்காட் பக்கம் பாங்சுனில் இருந்து ஏறினால் சுமார் 1,200 மீட்டர் ஏற்றம். வழியில் ஒரு இரவு தங்கி, இரண்டு இடத்தில் ஆண்டெனா கட்டி ஹாம் ரேடியோவில், அதாவது உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காகப் பேசும் அமெச்சூர் வானொலியில், பேசுவதற்கு என்னென்ன வேண்டும் என்று இந்த வீடியோவில் பார்ப்போம்.

முதலில் ஒன்று. இந்த மலையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது மதிய இடிமழைதான். எத்தனை மணிக்கு எழ வேண்டும், எவ்வளவு பேட்டரி தூக்க வேண்டும், உச்சியில் எந்த ஆண்டெனா கட்ட வேண்டும், எல்லாமே அதிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டிய கணக்கு. ஞாயிறு காலை 11 மணிக்கெல்லாம் உச்சியை விட்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

அனுமதிகள் இரண்டு. மலையேறவும் இரவு தங்கவும் வனத்துறை அனுமதி. விதிமுறைகள் மாறும் என்பதால் புறப்படும் முன் நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ரேடியோவுக்கு, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் அமெச்சூர் உரிமம். உங்கள் அழைப்புக்குறி 9டபிள்யூவில் தொடங்கினாலும் சரி, 9எம்மில் தொடங்கினாலும் சரி, உங்கள் உரிம வகுப்புக்கு எந்தப் பேண்ட் (அலைவரிசைப் பட்டை), எவ்வளவு வாட் என்பதை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

[திரையில்: கெம் லோலோ, ஆற்றங்கரை]

சனிக்கிழமை இலக்கு கெம் லோலோ என்ற முகாமிடம். சுமார் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் அகலமான ஜீப் பாதை. இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடாரத்தை ஆற்றோரம் போடாதீர்கள். மேலே எங்கோ பெய்த மழை, இங்கே ஒரு துளிகூட விழாதபோதே கெபாலா ஆயராக, அதாவது திடீர் ஆற்று வெள்ளமாக வந்து அடித்துக்கொண்டு போகும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, பையை எடுக்க நிற்காமல் கரையேறுங்கள்.

லோலோ பள்ளத்தில் இருக்கிறது. ஹேண்டி எனப்படும் கையடக்க ரேடியோவால் இங்கிருந்து கோலாலம்பூரை எட்ட முடியாது. ஆனால் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் 40 மீட்டர் பேண்டுக்கு மலை ஒரு தடையே இல்லை. கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை நேராக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்த மாதிரி சுற்றிலும் இறங்கும். பினாங்கு, ஜொகூர் பாரு எல்லாம் இந்தக் குடைக்குள் அடங்கிவிடும். அதனால் உயரமான மரத்தைத் தேடி அலைய வேண்டாம். நடுப்பகுதி 5 மீட்டர் உயரத்தில் இருந்தாலே போதும்.

அந்தக் கம்பி ஆண்டெனாவை, நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சமமாக நீளும் டைபோலை, செய்வது எப்படி? 142.5ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.07 மீட்டர், அதாவது பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 10 மீட்டர். வெட்டும்போது பக்கத்துக்கு 10.3 மீட்டராக வெட்டுங்கள். கட்டிய பிறகு எஸ்டபிள்யூஆர், அதாவது ஆண்டெனா செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு (1க்கு அருகில் இருந்தால் நல்லது), எந்த மெகாஹெர்ட்ஸில் குறைவாக இருக்கிறது என்று பாருங்கள். 7.0இல் குறைவாக இருந்து, உங்களுக்கு 7.1 வேண்டும் என்றால், இரண்டு பக்கமும் 14 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். வெட்டிவிடாதீர்கள். நுனியை மடித்து, அந்தக் கம்பியிலேயே இறுக்கிச் சுற்றுங்கள். வேறு இடத்தில் கட்டும்போது அந்த நீளம் மறுபடியும் தேவைப்படும்.

நடுவில் தாங்குவதற்கு இழுத்து நீட்டும் மீன்பிடித் தூண்டில் கம்பு நல்லது. வாங்கும்போது கண்ணாடி இழைதானா என்று கேட்டு வாங்குங்கள். கார்பன் கம்பு எடை குறைவு, விலை அதிகம். ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். அதன்மேல் கம்பியைக் கட்டினால் எஸ்டபிள்யூஆர் ஒரு நிலையில் நிற்காது.

இங்கே பலர் தடுமாறும் இடம் இதுதான்.

[திரையில்: ஈர இலையில் உரசும் கம்பி நுனி, மிக அருகில்]

டைபோலின் இரு நுனியில்தான் மின்னழுத்தம் உச்சம். அந்த நுனி ஈர இலையைத் தொட்டால் காலையில் 1.3 காட்டிய எஸ்டபிள்யூஆர் மீட்டர் மழைக்குப் பிறகு 3 காட்டும். கம்பியில் கோளாறு என்று நினைத்து அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். நுனியில் உள்ள இன்சுலேட்டருக்கும் (மின்கடத்தாத் துண்டு) மரத்துக்கும் இடையில் 2 மீட்டர் நைலான் கயிறு விட்டால் தொல்லை தீர்ந்தது.

பேட்டரி கணக்கு: 5 வாட் செட் (ரேடியோ) கேட்கும்போது 0.4 ஆம்பியர், பேசும்போது 2.5 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். நேரத்தில் கால்வாசி பேசினால் சராசரி 0.93 ஆம்பியர். இரண்டு நாளும் சேர்த்து 4 மணி நேரத்துக்கு 3.7 ஆம்பியர் மணி. 6 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, சுமார் 800 கிராம், தாராளமாகப் போதும். நான்கு செல் என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள்: சாதாரண லித்தியம் அயான் நான்கு செல் முழு சார்ஜில் 16.8 வோல்ட். 13.8 வோல்ட்டுக்குச் செய்த செட்டை அது கெடுத்துவிடும்.

ஞாயிறு காலை 5 மணிக்கு ஹெட்லேம்ப்புடன் கிளம்புங்கள். கெம் பாச்சாட் வழியாக, செங்குத்தான வேர்ப்பாதையில் மூன்று முதல் நான்கு மணி நேரம். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். அட்டைக்கு முழங்கால்வரை இழுத்துவிடும் அட்டைக் காலுறை. வழியில் வரும் புஞ்சாக் பெங்காசி என்ற சிகரத்தை நுவாங் உச்சி என்று நினைத்துக் கம்பு விரிக்க வேண்டாம். அங்கிருந்து இறங்கி மறுபடி ஏறினால்தான் நுவாங்.

சோட்டா (சம்மிட்ஸ் ஆன் தி ஏர்) திட்டத்தில் புள்ளி எடுக்க நினைப்பவர்களுக்கு இது முக்கியம். மலைச் சிகரங்களில் இருந்து பேசும் இந்தத் திட்டம் 2002இல் பிரிட்டனில் தொடங்கியது. உச்சியில் இருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் நின்று, பேட்டரியிலோ சூரிய சக்தியிலோ இயங்கி, குறைந்தது நான்கு வெவ்வேறு நிலையங்களோடு பேச வேண்டும். ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசியது கணக்கில் சேராது. சிகரம் அவர்களின் பட்டியலில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள்.

[திரையில்: உச்சியில் இருந்து கிள்ளான் பள்ளத்தாக்கு]

உச்சியில் 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் 2 மீட்டர் பேண்டுதான் ராஜா. உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம், அதாவது அலை நேராக எட்டும் தூரம், கிலோமீட்டரில் வரும். 1,493 மீட்டருக்கு சுமார் 159 கிலோமீட்டர். ரிப்பன் கேபிளில் செய்த, சுருட்டி வைக்கக்கூடிய ஜே-போல் ஆண்டெனா ஒன்றை, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம், கிளையில் தொங்கவிட்டால் போதும். ஆண்டெனாவையும் செட்டையும் இணைக்கும் கேபிளை மட்டும் குட்டையாக வையுங்கள். ஆர்ஜி-174 மெல்லிய கேபிள் 10 மீட்டர், லோலோவில் 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபெல்கூடத் தின்னாது. இங்கே 145 மெகாஹெர்ட்ஸில் பாதிச் சக்திக்கு மேல் கேபிளிலேயே போய்விடும்.

பெரிய ஆண்டெனா மாட்டியதும் மலிவு ஹேண்டி செவிடாகிவிடலாம். மின்னல் எஃப்எம் போன்ற வானொலிகளைக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அனுப்பும் குனோங் ஊலு காலி கோபுரங்கள் இங்கிருந்து அதிக தூரமில்லை. அந்தப் பலத்த சிக்னல் ஹேண்டியின் ரிசீவர் முன்பகுதியை அமுக்கிவிடும். ஆண்டெனாவைக் கழற்றிச் சின்ன ரப்பர் ஆண்டெனா போட்டதும் நன்றாகக் கேட்டால் காரணம் அதுதான். 2 மீட்டர் பேண்டை மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் ஒன்று போட்டால் சரியாகும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவென்றால் இடி 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. நாங்கள் சொல்வது இன்னும் கண்டிப்பானது: இடி காதில் விழுந்தாலே பேச்சை நிறுத்துங்கள். எதிர்முனையில் யார் இருந்தாலும் சரி. ஆண்டெனா கேபிளைச் செட்டில் இருந்து கழற்றித் தள்ளிப் போட்டுவிட்டு, உச்சியையும் தனி மரத்தையும் விட்டுக் கீழே இறங்குங்கள். ஆண்டெனாவை மடிக்க நிற்க வேண்டாம். கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் ஆகும்வரை அதை எடுக்கப் போகவும் வேண்டாம்.

யாரோடு பேசினோம் என்று குறிக்கும் பதிவேட்டில் நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுத வேண்டும். மலேசிய நேரத்தில் 8 மணி கழியுங்கள். ஞாயிறு காலை 7:40க்கு வழியில் யாரோடாவது பேசினால் அது சனிக்கிழமை 23:40. தேதியை மாற்றாமல் எழுதினால் எதிர்முனையில் இருப்பவரின் பதிவோடு பொருந்தாது. லோலோவுக்குத் திரும்பியதும், மரத்தில் கட்டிய கயிறுகள் எல்லாவற்றையும் எண்ணி அவிழ்த்து எடுங்கள். கம்பியை எட்டு வடிவத்தில் சுற்றிக் கட்டினால் அடுத்த முறை சிக்காமல் விரியும். ஈரமான கனெக்டர்களை வீட்டுக்குப் போனதும் மின்விசிறிக் காற்றில் உலர்த்திய பிறகே பையில் போடுங்கள்.