மழை நின்ற பிறகும் ஈரம் காக்கும் டாம்போ புல்வெளிகள்

வணக்கம் நண்பர்களே. இது செப்டம்பர் மாதம். ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவுக்கு வடக்கே உள்ள மேட்டுநிலத்தில் நின்று இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். ஏப்ரலோடு மழை ஓய்ந்துவிட்டது; அடுத்த மழைக்கு நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். எனக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் மியோம்போ எனும் வறண்ட இலையுதிர் காட்டில் புல் எல்லாம் சருகாகிவிட்டது. கேமராவைச் சற்றுத் தாழ்த்துகிறேன், பாருங்கள். சரிவு முடியும் இடத்தில், ஒரு மரம்கூட இல்லாமல், பச்சை துளிர்த்த புல்வெளி ஒன்று வளைந்து வளைந்து போகிறது அல்லவா? அதுதான் டாம்போ. ஆறுகளின் தலைப்பகுதிகளில் இத்தகைய ஆழமற்ற பள்ளங்களை ஜாம்பியாவில் மட்டுமல்லாமல் ஜிம்பாப்வேயிலும் மலாவியிலும் பரவலாகக் காணலாம். ஜாம்பியாவின் நிலப்பரப்பில் சுமார் 10 விழுக்காடு இவ்வகை நிலமே என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

மேட்டில் பெய்யும் மழை, பல இலட்சம் ஆண்டுகளாகச் சிதைந்து உதிர்ந்த பாறைப் படிவத்துக்குள் இறங்கி, அடியிலிருக்கும் கெட்டிப் பாறையைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, இந்தச் சரிவின் அடிவாரத்தில் கசிந்து வெளிப்படுகிறது. மழைக்காலம் முழுவதும் மண் நீரில் ஊறிக் கிடப்பதால் மரங்களின் வேர்கள் மூச்சுத் திணறி அழுகிவிடுகின்றன. புல்லும் கோரையும் மட்டும் தாக்குப்பிடிக்கின்றன.

இப்போது ஒரு தோட்டத்துக்குள் வந்திருக்கிறேன். மாடுகள் நுழையாதபடி சுற்றிலும் முள்ளும் சுள்ளியும் வைத்து வேலி அடைத்திருக்கிறார்கள். இந்தக் கிணற்றைப் பாருங்கள். ஓர் ஆள் இடுப்பளவுக்குத் தோண்டிய குழி, அவ்வளவுதான். சுற்றுச்சுவரும் இல்லை, ராட்டினமும் இல்லை. வாளியை அமிழ்த்தி மொண்டு, ரேப் என்று இங்கே அழைக்கப்படும் கீரைக்கும் தக்காளிக்கும் ஊற்றுகிறார்கள். மக்காச்சோள மாவில் கிளறிய ந்ஷிமாவுக்குத் தொட்டுக்கொள்ள அன்றாடம் வேண்டியது இந்தக் கீரைதான்; மிஞ்சியது சந்தைக்குப் போகிறது. மேட்டு வயலில் எதுவும் விளையாத மாதங்களில் பள்ளிச் செலவுக்கும் சோப்புக்கும் உப்புக்கும் காசு இங்கிருந்து கிடைக்கிறது. தோட்டங்கள் நடுவில் இல்லாமல் ஓரமாகவே இருப்பதைக் கவனியுங்கள். நடுவில் இருப்பது கருமையான களிமண். மண்வெட்டிக்கு எளிதில் இளகாது, மழையில் மூழ்கியும் போகும். ஓரத்து வெளிர் மணலிலோ கசிவுநீர் கைக்கெட்டும் ஆழத்திலேயே நிற்கிறது. நடுப்பகுதி மாடுகளுக்கு மேய்ச்சலாகிறது. கூரை வேயப் புல்லும், செங்கல் அறுக்கக் களிமண்ணும் டாம்போவிலிருந்தே எடுக்கிறார்கள்.

டாம்போ ஒரு பஞ்சைப் போல மழையை உறிஞ்சிக்கொண்டு கோடையில் சிறிது சிறிதாக ஆற்றுக்கு விடுகிறது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. கேட்க அழகான விளக்கம்தான், ஆனால் பாதிதான் சரி. மழைக்காலத் தொடக்கத்தில் அது நீரை உள்வாங்குவது உண்மை. நிரம்பிய பிறகு பெய்யும் மழை பெரும்பாலும் மேற்பரப்பிலேயே ஓடிவிடுகிறது. வறண்ட மாதங்களிலோ புல்லும் வெயிலும் சேர்ந்து அதன் நீரில் பெரும்பங்கை ஆவியாக்கிவிடுகின்றன. என் பார்வையில், டாம்போவின் உண்மையான மதிப்பு ஆற்றுக்கு அது தரும் நீரைவிட, நிலத்தடி நீரை ஒரு வாளிக்கு எட்டும் உயரத்தில் மாதக்கணக்கில் வைத்திருப்பதில்தான் இருக்கிறது.

டாம்போவை இப்படிச் சரியாகப் புரிந்துகொள்ளாததன் விலையை ஜிம்பாப்வேயின் உழவர்கள் கொடுத்தார்கள். குடியேறிய வெள்ளை விவசாயிகள் டாம்போக்களில் வடிகால் வெட்டி உழுததில் மண் அரித்து ஓடைகள் பிளந்தன. அதன் பிறகு 1927ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும் 1941ஆம் ஆண்டின் இயற்கை வளச் சட்டமும் ஈரநிலப் பயிர்ச்செய்கைக்குத் தடை போட்டன. அந்தத் தடையின் சுமை, கையால் கொத்திச் சிறு தோட்டம் போட்ட ஆப்பிரிக்கக் குடும்பங்களின் தலையில் விழுந்தது. வடிகால் வெட்டுவதும் வாளியால் மொள்வதும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் பார்க்கவே இல்லை. 1980இல் விடுதலை கிடைத்த பிறகும் தடை ஏட்டில் நீடித்தது. ஒரு டாம்போவின் பரப்பில் சுமார் 30 விழுக்காடு வரை தோட்டமிட்டாலும் கீழே ஆற்றின் ஓட்டம் பெரிதாகக் குறையாது என்று 1980களில் அங்கே நடந்த ஆய்வுகள் காட்டின.

ஆழமாக வடிகால் வெட்டினாலோ ஓரத்தில் யூகலிப்டஸ் நட்டாலோ நீர்மட்டம் இறங்கிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் இருக்கிறது. அந்நகரின் குடிநீருக்கு ஆதாரமான சிவேரோ ஏரிக்கு நீர் சேரும் டாம்போ புல்வெளிகள் மீதே வீடுகளும் வணிக வளாகங்களும் எழுகின்றன. 2013இல் ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையில் ஜிம்பாப்வே சேர்ந்தபோது ஹராரேக்குள்ளேயே இருக்கும் மோனாவேல் ஈரநிலத்தையும் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் நகரின் மற்ற ஈரநிலங்களில் கட்டுமானம் தொடர்கிறது, அதை எதிர்த்துக் குடியிருப்போர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.