திருகைத் தொடும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

சிக்னலில் நிற்கும் பழைய வண்டியொன்றின் பக்கக் கண்ணாடி நடுங்குவதையும், ஓட்டுநர் எஞ்சின் நின்றுவிடாதபடி ஆக்சிலேட்டரை இடைவிடாமல் மிதித்துக்கொண்டிருப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓடும்போது குறையில்லாத அந்த வண்டி, நின்றால் மட்டும் மக்கர் செய்யும். பட்டறைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் முதலில் நடப்பது ஒன்றுதான்: காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் திருகைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, ஐடிலிங்கை, அதாவது நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை, உயர்த்தி அனுப்பிவிடுவார்கள். சேலத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் இந்தத் தொழிலைச் செய்தவன் என்ற முறையில் நான் சொல்ல வந்தது, அந்தத் திருகை முதலில் தொடக்கூடாது, கடைசியில்தான் தொட வேண்டும் என்பதே.

எஞ்சின் ஏன் நிற்கும்போது மட்டும் தடுமாறுகிறது? ஆக்சிலேட்டரை விட்டவுடன், காற்று உள்ளே போகும் வழியை த்ராட்டில் தகடு ஏறக்குறைய முழுவதுமாக மூடிவிடுகிறது. பிஸ்டன்களோ உறிஞ்சிக்கொண்டேயிருக்கின்றன. ஆகவே கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள மேனிபோல்ட் என்னும் காற்றுப் பாதையில் வலுவான வேக்கம், அதாவது உறிஞ்சும் வெற்றிடம், உண்டாகிறது. அந்த நேரத்தில் ஏதோ ஒரு ரப்பர் குழாயில் நகக்கீறல் அளவு வெடிப்பு இருந்தாலும், அதன் வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்து, பெட்ரோல் கலவையை மெலிய வைத்துவிடும். வேகமாக ஓடும்போது எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றே ஏராளம் என்பதால், இந்தச் சிறு திருட்டு அங்கே தெரிவதில்லை. நிற்கும்போது அதுவே பெருங்கொள்ளை.

இப்போது காதைப் பழக்குவோம். தடுமாற்றம் இரண்டு வகை. எஞ்சின் தானாக ஏறி, தானாக இறங்கி, மறுபடி ஏறி, ஆஸ்துமா நோயாளி மூச்சு வாங்குவதுபோல் ஓடினால், பட்டறையில் அதை ஹன்டிங் என்போம். ஏறி இறங்காமல் ஒரே வேகத்தில் குலுங்கிக்கொண்டு ஓடினால் அது மிஸ்ஸிங். நான்கு சிலிண்டர் வண்டி நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறதென்றால், ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 முறை வெடிக்க வேண்டும். அதில் ஒன்று மட்டும் வேலை செய்யாவிட்டால், புகைக்குழாயில் தாளம் தவறாத ஒரு இடைவெளி கேட்கும். அது அந்த ஒரு சிலிண்டரின் சொந்த விவகாரம்: அதன் பிளக், அதன் வயர், அதன் வால்வு. இடைவெளி தாளமில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால், அது எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான விவகாரம்: கலவை, பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்ட் பாயின்ட், அல்லது நான் இப்போது சொன்ன காற்றுக் கசிவு. இந்த ஒரு வேறுபாட்டைக் கேட்டுப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துப் பெட்ரோல் ஜீப் நின்ற இடத்தில் குலுங்குகிறது என்று என்னை அழைத்தார்கள். வேக்கத்தைப் பாதரச அங்குலத்தில் அளக்கும், புதிதாக வாங்கிய மானியைப் பையில் போட்டுக்கொண்டு, பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய்ச் சேர்ந்தேன். மானியை மேனிபோல்டில் மாட்டினேன். முள் அசையாமல் 13 அங்குலத்தில் நின்றது. நல்ல எஞ்சினில் 17 முதல் 21 வரை காட்ட வேண்டும் என்பது பாடம். 19 என்று வைத்துக்கொண்டாலும் 6 அங்குலம் குறைகிறது. முள் ஆடாமல் இவ்வளவு கீழே நின்றால், இக்னிஷன் டைமிங்கோ (பொறி விழும் நேரம்) வால்வு டைமிங்கோ (வால்வு திறந்து மூடும் நேரம்) பிந்திவிட்டது என்று முடிவுகட்டினேன். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினேன், மேட்டில் ஏறும்போது எஞ்சின் தட்டத் தொடங்கியதுதான் மிச்சம். வால்வுகளைப் பார்க்க டாப்பெட் மூடியைக் கழற்றினேன். பனி இறங்கி, சில்வர் ஓக் மரங்கள் கண்ணுக்கு மறையும்வரை அதிலேயே கிடந்தேன்.

தோட்டத்தில் வயதான ஓட்டுநர் ஒருவர் இருந்தார். காலையிலிருந்து ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், மாலையில் தேநீரை நீட்டிக்கொண்டே கேட்டார்: “தம்பி, இந்த மலையில சோறு வேகவே கூட நேரமாகுது. உங்க மானி மட்டும் சேலத்துக் கணக்கையே சொல்லுமா?”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் என்ற கணக்கில் மானி குறைத்துக் காட்டும் என்பதைப் படித்திருந்தும் மறந்திருந்தேன். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரைத் தாண்டியது. இடைவெளி ஏறக்குறைய 4,000 அடி. அதாவது, நான் நாள் முழுக்கத் தேடிய 6 அங்குலத்தில் 4 அங்குலம் மலைக்குச் சொந்தமானது. வண்டியின் குற்றம் வெறும் 2 அங்குலம். 2 அங்குலக் குற்றத்துக்கு யாரும் வால்வைக் கழற்ற மாட்டார்கள், குழாய்களைத்தான் பார்ப்பார்கள்.

“வேறு ஏதாவது குறை உண்டா, ஐயா?” என்று அப்போதுதான் அவரிடம் கேட்டேன். மூடுபனியில் வைப்பர் சில மாதங்களாகச் சோம்பி ஓடுகிறது என்றார். அந்தக் காலத்து ஜீப்புகள் சிலவற்றில் வைப்பருக்கு மின் மோட்டார் கிடையாது. மேனிபோல்டின் உறிஞ்சும் விசையே அதை இழுக்கும். அங்கு போகும் ரப்பர் குழாயைத் தடவிப் பார்த்தேன். மேல்பக்கம் புதிது போல் இருந்தது. அடிப்பக்கத்தில், இரும்பில் உரசிய இடத்தில், விரல் நுழையாவிட்டாலும் நகம் நுழையும் வெடிப்பு. குழாயை மாற்றினேன். முள் 15-க்கு ஏறியது, எஞ்சின் அடங்கியது. டைமிங்கைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைக்கத்தான் கூடுதல் நேரம் பிடித்தது.

ஆகவே, திருகைத் தொடும் முன் குழாய்களைத் தொடுங்கள், அடிப்பக்கத்தையும் தொடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேனிபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ரப்பர் குழாயையும் மேனிபோல்டை ஒட்டிய இடத்தில் விரலால் நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐடிலிங் சீராகிறதோ, கசிவு அந்தக் குழாயிலோ அது போய்ச் சேரும் கருவியிலோ இருக்கிறது. பிரேக் மிதிக்கு வேக்கத்தால் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை மறக்காதீர்கள். ஓட்டுநரின் உயிர் அதிலும் இருக்கிறது. கார்புரேட்டருக்கு அடியிலுள்ள பேக்கிங்கைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், கசிவுள்ள இடத்தில் அது உறிஞ்சப்பட்டு எஞ்சினின் ஓசை ஒரு கணம் மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையே ஊற்றுகிறார்கள். சூடான புகைக்குழாய்க்கு அருகில் அதைச் செய்பவர்களைப் பார்த்து நான் பலமுறை கத்தியிருக்கிறேன்.

மலைக்கும் சமவெளிக்கும் போய்வரும் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு சொல். சேலத்தில் சீராக வைத்த கார்புரேட்டர், ஏற்காட்டின் மெலிந்த காற்றில் பெட்ரோலை மிகையாகக் கொடுக்கும். பிளக் கரி பிடித்துக் கறுக்கும். மேலே திருகிச் சரிசெய்தால், கீழே இறங்கியதும் கலவை மெலிந்துவிடும். அதனால் வண்டி அதிகம் எங்கே ஓடுகிறதோ, அங்கேதான் ட்யூனிங் செய்ய வேண்டும்.

கசிவு இல்லையென்று தெரிந்த பிறகே பிளக்குகளைக் கழற்றுங்கள். இளம்பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி மிகைப் பெட்ரோலைக் காட்டும். வெளிறிய வெண்மை, மெலிந்த கலவையை. பாயின்ட் இடைவெளியையும் வால்வு இடைவெளியையும் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைச் சுட்டிக்காட்டுகிறார்கள்.

கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: ஹன்டிங் வந்தால் சென்சாரை மாற்றச் செலவழிக்கும் முன், த்ராட்டில் தகடு இருக்கும் த்ராட்டில் பாடியில் படிந்த கரியையும் ஐடிலிங் காற்று வால்வையும் துடைத்துப் பாருங்கள். அங்கும் முதலில் பார்க்க வேண்டியவை குழாய்கள்தான்.

இந்தச் சோதனை எதையும் மூடிய ஷெட்டுக்குள் செய்யாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது. வண்டியை வெளியே தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வணக்கம்.