கவிழ்ந்தது பார்ஃபே, எழுந்தான் சாமுராய்

நடுவருக்கும் அவையோருக்கும் வணக்கம். கின்டாமா என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் மூன்றாவது அத்தியாயத்துக்கு உயிர் சிரிப்பா, வீரமா? நான் சிரிப்பின் பக்கம்.

ஹிதேயாக்கி சொராச்சியின் மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, 2006-இல் தொலைக்காட்சிக்கு வந்தது. எடோ நகரத்தில், அதாவது பழைய டோக்கியோவில், வேற்றுக்கிரகவாசிகள் வந்து இறங்கி, சாமுராய்களின் வாளைப் பறித்துவிட்ட காலம். முன்கதை அவ்வளவு போதும்.

எதிரணித் தோழர் ஒரு வார்த்தை விட்டார்: "ஐஸ்கிரீம் கொட்டியதற்கு அடிதடி செய்கிறவனெல்லாம் ஒரு சாமுராயா?" அதைக் கேட்டதும் என் குறிப்புச் சீட்டை மடித்து வைத்துவிட்டேன்.

ஐயா, அது பார்ஃபே! உயரமான கண்ணாடிக் கோப்பையில் ஐஸ்கிரீம், க்ரீம், சாக்லேட் என்று அடுக்கடுக்காக வரும். நம் நாயகன், சாமுராய் கின்டோக்கிக்கு ரத்தத்தில் சர்க்கரை அதிகம். வாரத்துக்கு ஒன்றுதான் சாப்பிடலாம் என்கிறார் மருத்துவர். மறுபடி சொல்கிறேன், வாரத்துக்கு ஒன்று! ஆறு நாள் வாயைக் கட்டியவன் ஏழாம் நாள் கரண்டியைக் கையில் எடுக்கிறான். பக்கத்தில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பரிமாறுகிற பையன் ஷின்பாச்சியைக் காலை இடறி விழவைக்கிறார்கள். அந்தக் களேபரத்தில் கோப்பை கவிழ்கிறது. ஆறு நாள் தவம், மேஜையில் வழிகிறது!

தோழரே, அந்தக் கடையில் அத்தனை பேர் இருந்தார்கள். முதலாளி பையனின் தலைமுடியைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வைத்தபோது நீதி பேச ஒருவராவது எழுந்தாரா? எழுந்தவன் பார்ஃபேக்காக எழுந்தவன்தான். முதல் அடியும் அந்த முதலாளிக்குத்தான். அப்புறம் ரத்தக்கறை படிந்த மரவாளைப் பையன் இடுப்பிலேயே செருகி, பழியையும் அவன் மேல் போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறானே, அங்கே நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சரி, சிரிப்பு போகட்டும். அதே அத்தியாயத்தில் ஷின்பாச்சியின் அக்கா ஓட்டாயே வருகிறாள். அப்பா விட்டுப்போன வாள்பயிற்சிக் கூடம், அதன் மேல் கடன். விட்டாலும் வலிக்கும், சுமந்தாலும் வலிக்கும், அப்படியானால் சுமந்தே வலிக்கட்டும் என்று கடன் கொடுத்தவனோடு தானே கிளம்புகிறாள். அன்றைக்குத்தான் அறிமுகமான கின்டோக்கி, அவளை மீட்க அந்தக் கடன் கொடுத்தவனின் பறக்கும் கப்பலுக்குள் பாய்கிறான்.

எனக்கும் ஓர் அக்கா இருக்கிறாள், நடுவர் அவர்களே. என் கல்லூரிக் கட்டணத்துக்காக அடகுக்கடைக்கு அவளும் தானாகத்தான் கிளம்பிப் போனாள். திரும்பி வந்தபோது, வளையல் இல்லாத கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "சாப்பிட்டியாடா?" என்றாள்.