தாடிக்குள் போன ஓணான்: ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, சபைப் போதகர் ஐயர் அவர்களே, சபையாரே, பின்வரிசையில் மிக்சர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். மணியில் கை வைத்தபடி ஓர் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருப்பதால் வணக்கத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

'கிறிஸ்துமஸ் மரத்துக்கு அழகு பெரியவர்களின் கைநேர்த்தியா, குழந்தைகளின் கைவரிசையா?' என்பது தலைப்பு. நான் குழந்தைகள் பக்கம். எதிரணித் தலைவர் அண்ணாச்சி இப்போதுதான் பேசி அமர்ந்தார். விக்டோரியா ராணியிலிருந்து வீட்டு வரவேற்பறை வரைக்கும் போய்வந்தார். ஆனால் கைதட்டல் வாங்கியது ஒரே ஒரு வரிதான். 'பிள்ளைகள் சோடித்த மரத்தைப் பார்த்தால், இடுப்பளவு வெள்ளம் வந்து வடிந்த மரம் மாதிரி இருக்கிறது. கீழே முழுக்கக் குப்பை, மேலே முழுக்க மொட்டை' என்றார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. நான் பார்த்துவிட்டேன். அவருக்கான பதில் வீட்டில். அண்ணாச்சிக்கான பதில் இங்கேயே, கொஞ்சம் பொறுத்து. அதற்கு முன்னால் ஓர் ஓணான் கதை இருக்கிறது.

போன வருடம் குடும்பத்தோடு மரம் எடுக்கப் போனோம். பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குக் கிளைதான். படத்தில் பார்க்கிற ஊசியிலை மரம் வேண்டுமென்றால் கொடைக்கானலுக்கு பஸ் ஏற வேண்டும். சவுக்குக்குப் பூர்வீகம் ஆஸ்திரேலியாவும் தென்கிழக்கு ஆசியாவும். இங்கே வந்து மணலில் வேர்விட்டு, வருடம் முழுக்கச் சாரம் கட்டவும் அடுப்பெரிக்கவும் உழைத்துவிட்டு, டிசம்பரில் மட்டும் ஞானஸ்நானம் பெற்றுக்கொள்கிறது.

கடைக்காரர் கிளைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் பிறவியிலேயே பெரியவர்கள் அணி. அளக்க டேப்பையே கையோடு கொண்டுவந்திருந்தார். உயரம் அளந்தார். எட்டி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கிளையைச் சுற்றி ஒரு வலம் வந்தார். பெண் பார்க்க வந்த அன்று என்னைக்கூட இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. கடைசியில் 'இதுதான், நேராக இருக்கிறது, நாலு பக்கமும் அடர்த்தி' என்று ஒன்றை முடிவு செய்தார்.

திரும்பிப் பார்த்தால், நான்கு வயது மகள் வேறொரு கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அது கோணல். ஒரு பக்கம் வழுக்கை. 'இதுதான் வேண்டும்.' ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். ஆறு வயது அண்ணன்காரன் போய் அவள் காதில் ஏதோ கேட்டான். அவள் அவன் காதில் ஏதோ சொன்னாள். உடனே அவனும் அதே கிளையைப் பிடித்துக்கொண்டான். பேச்சுவார்த்தை முறிந்தது. விற்காமல் நின்ற கோணல் கிளை போனால் போதும் என்று கடைக்காரர் கயிறு போட்டு ஆட்டோவின் மேல் கட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் டேப்பைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

வீட்டில் மணல் நிரப்பிய வாளியில் கிளையை நட்டு, வாளிக்கு வண்ணக் காகிதம் சுற்றினோம். பிள்ளைகள் வேலையில் இறங்கினார்கள். இங்கே ஒரு செய்தி: சவுக்கின் ஊசியை இலை என்றுதானே நினைக்கிறோம்? அது இலை இல்லை. கணுக்கணுவாகப் பொருத்தியிருக்கும் பச்சைக் குச்சி. ஒவ்வொரு கணுவிலும் உற்றுப் பார்த்தால் பல் பல்லாகத் தெரிகிறதே, அதுதான் இலை. கணுவில் இழுத்தால் கழன்று வரும். திரும்பச் செருகினால் எந்த இடத்தில் கழன்றது என்றே தெரியாது. மகன் ஒன்றைக் கழற்றிச் செருகி, 'எங்கே, கண்டுபிடி பார்ப்போம்' என்று தங்கையிடம் நீட்டினான். அவள் தப்பாகச் சொன்னாள். அடுத்து அவள் செருகினாள், அவன் தப்பாகச் சொன்னான். சோடிப்பு அப்படியே நின்றுபோனது. பெரியவர்கள் அணியாக இருந்தால் கடிகாரத்தைப் பார்த்திருக்கும். நானும் தரையில் உட்கார்ந்து ஒரு குச்சியை எடுத்தேன்.

சரி, மறுநாள் இரவு. கேரல் குழு வந்தது. பாடகர்கள், தபேலா, காணிக்கை உறை, முன்னால் கிறிஸ்துமஸ் தாத்தா. அந்த வேடம் போட்டவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இந்த வளாகத்தில்தான் இருக்கிறார். இந்த மேடையில்தான் இருக்கிறார். எதிரணியில்தான் இருக்கிறார். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

முதல் பாட்டு முடிந்தது. தாத்தா மரத்தின் பக்கம் குனிந்து, குரலை மாற்றி, 'இதை யார் சோடித்தது?' என்று கேட்டார். சீரியல் பல்பு வெளிச்சத்தில், காகித நட்சத்திரத்துக்கும் வெள்ளி பெயின்ட் அடித்த சவுக்குக் காய்க்கும் நடுவில், அசையாமல் ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. பிள்ளைகள் இருவருக்கும் கடையிலிருந்தே தெரியும். தாத்தா அதைப் பொம்மை என்று நினைத்தார். 'அடடா, என்ன தத்ரூபம்! எந்தக் கடையில் வாங்கியது?' என்று முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார். ஓணான் தலையை ஆட்டியது. தாத்தாவுக்குச் சந்தேகம், இன்னும் பக்கத்தில் போனார். மறுபடியும் ஆட்டியது. மூன்றாம் முறை அது தலையை ஆட்டவில்லை. தாண்டியது. நேராகத் தாடிக்குள்.

நடுவர் அவர்களே, இந்தக் காட்சியை ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மெதுவாக இன்னொரு முறை பார்ப்போம். ஓணான் தாண்டுகிறது. தாடியோ பஞ்சுத் தாடி. அதன் நகம் பஞ்சில் மாட்டிக்கொள்கிறது. அது உள்ளேயே போகப் பார்க்கிறது, தாத்தா வெளியே வரப் பார்க்கிறார். குதிக்கிறார். வயிற்றில் கட்டிய தலையணை முழங்காலுக்கு இறங்குகிறது. பின்னால் நின்ற பாடகர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. தாத்தா ஆனந்தக் களிப்பில் ஆடுகிறார் என்று நினைத்து, தபேலாக்காரர் வேகத்தைக் கூட்டுகிறார். அவர் கூட்டக் கூட்ட இவர் குதிக்கிறார். இவர் குதிக்கக் குதிக்க அவர் கூட்டுகிறார். எதிர்வீட்டு மாடியிலிருந்து கைதட்டல். அண்ணாச்சி, இல்லை, தாத்தா, அன்று ஆடிய ஆட்டத்தை இந்தச் சபை அதற்கு முன் கண்டதில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். தாடிக்குள் விட்டுக்கொண்டவரை அன்றுதான் பார்த்தோம்.

கடைசியில் என் மகன் ஒரு குச்சியை நீட்டி, ஓணானை அதில் ஏறவிட்டு, பின்பக்கத்து வேலியில் கொண்டுபோய் விட்டான். விடிவதற்குள் அடுத்த தெருவில் அது உடும்பாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, 'உங்கள் வீட்டில் முதலை வளர்க்கிறீர்களாமே?' என்று ஒரு பாட்டி கேட்டார்.

என் வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்த நேரான மரம் வந்திருந்தால் இத்தனை பேர் இன்று சிரிப்பீர்களா? அதுதான் என் முதல் வாதம். இரண்டாவது வாதமும் அதுதான்.

இப்போது விக்டோரியா ராணிக்குச் சுருக்கமாக ஒரு பதில். 1848இல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வெளியிட்ட படத்தைப் பார்த்துத்தான் இங்கிலாந்தே மரம் வைக்க ஆரம்பித்தது, அது பெரியவர்களின் ரசனை என்றார் அண்ணாச்சி. அந்தப் படத்தை முழுதாகப் பாருங்கள். மேசைமேல் மரம், மரத்தில் மெழுகுவத்திகள், ராணி, கணவர் ஆல்பர்ட், சுற்றிலும் பிள்ளைகள். பிள்ளைகளை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? எரிகிற மெழுகுவத்தி தொங்கும் மரத்தில் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். 1882இல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 மின்விளக்குகளை எரியவிட்டார். அந்தச் சாக்குக்கும் அன்றே ஆயுள் முடிய ஆரம்பித்தது. சீரியல் பல்பை பிளக்கில் செருகுவது மட்டும் பெரியவர்கள் வேலை. அந்த ஒரு பிளக்கை எதிரணிக்குத் தாராளமாக விட்டுக்கொடுக்கிறேன்.

அண்ணாச்சி வீட்டில் இப்போது பெட்டியிலிருந்து விரிக்கிற செயற்கை மரம். குடை விரிப்பதுபோல விரித்தால் முடிந்தது, ஓர் ஊசி உதிராது என்று பெருமைப்பட்டார். 1930களில் ஒரு பிரஷ் கம்பெனி, கழிப்பறை பிரஷ் செய்கிற இயந்திரத்தை வைத்துத்தான் இந்த ரக மரத்தை முதலில் செய்தது என்பார்கள். இதற்கு மேல் நான் ஒரு வார்த்தையும் பேச விரும்பவில்லை. வீட்டுக்குப் போய் மரத்தை ஒரு முறை அண்ணாச்சி திரும்பிப் பார்ப்பார், அது போதும்.

வெள்ளத்துக்கு வருகிறேன்.

இடுப்பளவு வெள்ளம் வடிந்த மரம் என்றீர்கள். யாருடைய இடுப்பு, அண்ணாச்சி? உங்கள் இடுப்பு. என் மகளுக்கு அது தலைக்கு மேல். அவள் எக்கி, நுனிக்காலில் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, கை எட்டிய கடைசிக் கிளையில் ஒரு மணியைக் கட்டினாள். நீங்கள் பார்த்த 'வெள்ளக் கோடு' அதுதான். அதற்கு மேலே மொட்டை என்றால், அவள் இன்னும் அவ்வளவு வளரவில்லை என்று பொருள். அடுத்த வருடம் அந்தக் கோடு ஒரு சாண் ஏறும். மொட்டையைத் தேடி நீங்கள் இன்னும் மேலே அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் வெள்ளம் என்ற சொல்லை நம் ஊரில் எடுத்துவிட்டீர்கள். எடுத்த பிறகு நான் எப்படி உட்காருவேன்?

2023ஆம் ஆண்டு, டிசம்பர் 17, 18. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றது. தாமிரபரணி தெருவுக்குள் வந்தது. அந்த வாரத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் சித்தி வீடு ஆற்றோரத் தெருவில். தண்ணீர் வடிந்த பிறகு போனேன். சுவரில் என் இடுப்புக்குச் சரியாகச் சேற்றுக் கோடு. அதற்குக் கீழே இருந்த எதுவும் மிஞ்சவில்லை. கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் சாமான்கள், நட்சத்திரம், குடில் பொம்மைகள், எல்லாம் ஒரே களிமண் உருண்டை. சித்தி நனைந்த மெத்தையை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார். பண்டிகை என்ற சொல்லையே அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பேத்திதான், அப்போது ஐந்து வயது, 'நம் மரம் எங்கே?' என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. அவள் இன்னொரு முறை கேட்டாள், சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்த ஒரு பெரியவரிடம்.

மறுநாள் அந்தப் பெரியவர் பொட்டலங்களோடு ஒரு சவுக்குக் கிளையையும் தோளில் வைத்துக்கொண்டு, சேற்றில் கால் வைத்து வைத்து வந்தார். எந்தக் கிளையை எடுத்தார், நேரானதா கோணலா என்று அவர் பார்த்திருக்க முடியாது. அதை எண்ணெய் டின்னில் நட்டார்கள். தொங்கவிட ஒன்றும் இல்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் நிவாரணமாக வந்த பிஸ்கட் பாக்கெட்டுகளின் உறையைக் கழுவி, துணிக்கொடியில் காயப்போட்டு, உள்பக்கத்து வெள்ளி தெரியும்படி மடித்து நூலில் கட்டினார்கள். கை எட்டிய உயரம்வரை கட்டினார்கள். பிறகு அந்தப் பேத்தி, 'என்னைத் தூக்குங்கள்' என்று அந்தப் பெரியவரிடம் கையை நீட்டினாள். அவர் தூக்கினார். சேற்றுக் கோட்டுக்கு மேலே இருந்த கிளைகள் எல்லாவற்றிலும் அவள் கட்டி முடிக்கும்வரை தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றார். சித்தி மெத்தையை விட்டுவிட்டு வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். அந்த வாரத்தில் அன்றுதான் அவர் ஒரு வாய் காபி குடித்தார்.

இதற்கும் தலைப்புக்கும் என்ன தொடர்பு என்று எதிரணி எழுந்து கேட்கலாம். தெரியாது. நான் சாட்சி சொல்லத்தான் வந்தேன்.

அந்தப் பெரியவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தாடியை மறைத்தேன், இதை மறைக்க மாட்டேன். இதோ, தலையைக் குனிந்து குறிப்பெடுப்பதுபோல நடித்துக்கொண்டிருக்கிறாரே, இந்த அண்ணாச்சிதான்.

மணி அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, தீர்ப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்கு வருத்தம் இல்லை. இந்த மனிதரைக் கொண்டுபோய் எதிரணியில் உட்கார வைத்தது யார் என்று மட்டும் விசாரியுங்கள். விசாரித்து முடித்ததும், நாற்காலியோடு தூக்கி எங்கள் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.