புது ஓட்டுநர் பலகை யாருக்காக?

நேயர்களுக்கு வணக்கம். லைசென்ஸ் கைக்கு வந்து சில மாதங்களே ஆனவர்கள் காரில் அதற்கென்று ஓர் அடையாளப் பலகை மாட்டத்தான் வேண்டுமா என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாட்ட வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் அந்தப் பலகை பின்னால் வருகிறவர் தலையிலும் ஒரு கடமையைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் பாதிப் பயன்தான்.

பழகுகிறவர்களுக்கான எல் பலகை எல்லாருக்கும் தெரியும், பிரிட்டனில் 1935லேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் பழகும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, கிளட்ச்சை மெதுவாக விடு, கண்ணாடியைப் பார் என்று சொல்லிக்கொண்டே வருவார். தேர்வில் பாஸான மறுநாள் அந்த இருக்கை காலி. தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் விபத்துக்கான வாய்ப்பு மிக அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்லிவிட்டன. பலகையைக் கழற்றிப் போடுவதும் சரியாக அந்த நேரத்தில்தான், யோசித்தால் வேடிக்கையாக இல்லை?

மேட்டில் ஒரு சிக்னல். பச்சை விழுகிறது. புது ஆள் ஹேண்ட் பிரேக்கை எடுக்கிறார், கிளட்ச்சை ஒரு துளி அதிகமாக விட்டுவிடுகிறார், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி இன்ஜின் அணைந்துவிடுகிறது. பின்னாலிருப்பவர் ஒட்டி நிற்கிறார், உடனே ஹாரன். இப்போது சாவியைத் திருப்பும் கை நடுங்கும், கால் தப்பும், வண்டி கொஞ்சம் பின்னால் உருளும். பலகை இருந்திருந்தால் பின்னாலிருப்பவர் நாலடி தள்ளி நின்றிருப்பார் என்பதுதான் பலகையின் மொத்தத் தத்துவமும்.

தள்ளி நிற்பாரா, இல்லை இளிச்சவாயன் கிடைத்தான் என்று குறுக்கே நுழைவாரா? எதிர்ப்பவர்கள் கேட்பது இதைத்தான், நியாயமான கேள்வியும்கூட. இதற்கு ஜப்பானில் பதில் இருக்கிறது. அங்கே 1972 முதல் புதியவர்கள் ஓராண்டுக்கு மஞ்சளும் பச்சையுமான இளந்தளிர் வடிவ அடையாளத்தை ஒட்ட வேண்டும். அந்த அடையாளம் உள்ள காரை ஓரம் நெருக்கினாலோ, அவசியமில்லாமல் அதன் முன்னால் திடீரென்று புகுந்தாலோ புகுந்தவருக்குத் தண்டனை. எனக்குப் பிடித்த சட்டம் இதுதான். ஒட்டுகிறவர் அவமானப்பட ஒன்றுமில்லை, அவருக்கு அது ஒரு பாதுகாப்பு.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம், 2010 முதல் 21 வயதுக்குக் கீழே பழகுகிறவர்களும் புதிதாக ஓட்டுகிறவர்களும் நம்பர் பிளேட்டில் சிறிய சிவப்பு ஒட்டு வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. உள்ளே சின்னப் பிள்ளை இருக்கிறது என்று ஊருக்கே காட்டிக்கொடுக்கிறதே, யாராவது பின்தொடர்ந்தால் என்ன செய்வது என்று பெற்றோர்கள் கொதித்தார்கள், வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது, 2012இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. முதல் ஆண்டில் அந்தப் பிரிவு இளைஞர்களின் விபத்து விகிதம் சுமார் 9 சதவீதம் இறங்கியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனாலும் பெற்றோர்களின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். வயதைச் சொல்லும் அடையாளம் வேறு, அனுபவத்தைச் சொல்லும் அடையாளம் வேறு. நாற்பது வயதில் லைசென்ஸ் வாங்கினவரும் புதியவர்தானே, பலகை எல்லா வயதுக்கும் என்று வைத்துவிட்டால் அதைப் பார்த்து யாரும் வயதை ஊகிக்க முடியாது.

அப்புறம் நடைமுறைச் சிக்கல் ஒன்று. வீட்டில் ஒரே கார், அப்பாவும் ஓட்டுகிறார், மகளும் ஓட்டுகிறாள். ஒட்டினது ஒட்டினபடியே இருந்தால், இருபது வருட அனுபவமுள்ள அப்பா அந்தப் பலகையோடு பறப்பதைப் பார்க்கிறவர்கள் அடுத்த முறை எந்தப் பலகையையும் மதிக்க மாட்டார்கள். ஆகவே கழற்றி மாட்டுகிற காந்தப் பலகைதான் சரி, தான் ஓட்டாதபோது கழற்றுவதும் சட்டத்தில் வர வேண்டும்.

எத்தனை காலம்? பிரான்சில் சிவப்பு ஏ எழுத்தோடு பொதுவாக மூன்று ஆண்டு, நெடுஞ்சாலையில் மற்றவர்கள் 130 போகலாம் என்றால் இவர்களுக்கு 110தான். அயர்லாந்தில் 2014 முதல் ஆங்கில N எழுத்துப் பலகை, இரண்டு ஆண்டு. எனக்கு ஓராண்டு போதும் என்று படுகிறது, வேகக் கட்டுப்பாட்டைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். ஆனால் லைசென்ஸ் வாங்கிவிட்டு ஓராண்டு காரையே தொடாதவர்களும் உண்டு, நாள்காட்டி ஓடினதால் மட்டும் அவர்கள் பழையவர்கள் ஆகிவிடுவதில்லை. பிரிட்டனில் பச்சை பி பலகை அவரவர் விருப்பம், எத்தனை நாள் என்ற கெடுவும் கிடையாது. அதிலிருந்து இதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: முதல் ஆண்டு கட்டாயம், அதற்குமேல் வேண்டும் என்கிறவர்கள் வேண்டிய மட்டும் வைத்துக்கொள்ளட்டும். நன்றி, வணக்கம்.