அன்றன்று அலசும் துணியே!

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, கோடை விடுமுறைக்கு இப்போதே டிக்கெட் எடுத்து வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

'குடும்பச் சுற்றுலாவுக்கு நிம்மதி தருவது பெட்டி நிறையத் துணியா, அன்றன்று அலசும் துணியா?' என்று கேட்கிறது இன்றைய தலைப்பு. அன்றன்று அலசும் துணியே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன். "ஆண்டு முழுவதும் துவைக்கிறாள் அம்மா. அந்த ஐந்து நாளாவது அவள் சோப்பைத் தொடாமல் இருக்கக் கூடாதா?" என்றார். இதற்குப் பதில் சொல்லாமல் நான் வேறு எதைப் பேசினாலும் என் அணி தோற்க வேண்டியதுதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஐந்து பேர், ஐந்து நாள். நாளுக்கு ஒரு செட், அவசரத்துக்கு ஒரு செட் என்றால் ஆளுக்கு ஆறு, மொத்தம் 30 செட். இரவு உடை, துண்டு, உள்ளாடை எல்லாம் இந்தக் கணக்கில் வரவில்லை. புறப்படுவதற்கு முந்தைய வாரம் அந்த 30 செட்டையும் துவைத்து, இஸ்திரி போட்டு, யாருக்கு எது என்று பிரித்து அடுக்கியது யார்? போன இடத்தில் "என் நீலச் சட்டை எங்கே?" என்று ஒரு குரல் கேட்டதும் பெட்டியின் அடிவரை கையை விட்டுத் துழாவுவது யார்? ஊர் திரும்பிய மறுநாள், பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, கூடம் நிறையக் குவிந்து கிடக்கிற அழுக்குத் துணியின் முன்னால் தனியாக நிற்பது யார்? கொடியில் இடம் போதாமல் நாற்காலி முதுகிலும் ஜன்னல் கம்பியிலும் காயப்போட்டு, மூன்று நாளைக்கு அந்த வீட்டில் நடக்கவே வழி இருக்காது. அம்மையாரே, அம்மா சோப்பைத் தொடாத அந்த ஐந்து நாள் அவளுக்குக் கிடைத்த விடுமுறை அன்று. அது அவள் பெயரில் ஏறிய கடன். ஆறாம் நாள் வட்டியோடு கட்டுகிறாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள், மூவரும் 'துவைப்பது' என்றே பேசினார்கள். தலைப்பில் இருப்பது 'அலசும்' என்ற சொல். தமிழில் இவை இரண்டும் ஒன்றல்ல. ஊறவைக்கிறோம், கும்முகிறோம், அடித்துத் துவைக்கிறோம், வெளுக்கிறோம், கஞ்சி போடுகிறோம். இவையெல்லாம் உடம்பு நோகச் செய்கிற வேலை. கசக்குவதும் அலசுவதும் அப்படி இல்லை. காலையில் போட்டு மாலையில் கழற்றிய சட்டையில் என்ன இருக்கிறது? வியர்வையும் வழித்தூசியும்தான். சூடு ஆறுவதற்குள் தண்ணீரில் போட்டு, கழுத்துப்பட்டையிலும் அக்குளிலும் இரண்டு இழுப்பு சோப்பு, நான்கு கசக்கு, இரண்டு அலசல், முடிந்தது. அதையே ஐந்து நாள் பையில் அடைத்து வைத்தால் வியர்வை காய்ந்து உப்பாகி மஞ்சள் கறையாக ஏறிவிடும். அப்போதுதான் ஊறவைக்கவும் அடிக்கவும் வேண்டியிருக்கிறது. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று சொன்ன வாய், 'அடித்துத் துவைத்துக் கட்டு' என்று சொல்லவில்லை. 'பத்தாகச் சேர்த்துக் கட்டு' என்றும் சொல்லவில்லை.

இதை நான் எங்கே கற்றேன் என்று சொல்கிறேன், நடுவர் அவர்களே. இராமேசுவரத்தில்.

என் மாமியாருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வேன் பிடித்துக் குடும்பமாகப் போனோம். பெட்டி நிறையத் துணி. எதிரணியினர் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்கள். அக்னி தீர்த்தக் கடலில் முழுகி எழுந்து, சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் போய், கிணறு கிணறாக வாளித் தண்ணீரை வாங்கிக்கொண்டு 22 தீர்த்தமும் ஆடினோம். ஈர உடையோடு சன்னிதிக்குப் போகக் கூடாது. ஆகவே உடை மாற்றும் இடத்தில் மாற்றிக்கொண்டோம். ஐந்து பேருடைய ஈரத்துணியும் என் கையில் வந்து சேர்ந்தது. மாமியாரின் அரக்குச் சேலை, கணவரின் வேட்டி, பிள்ளைகளின் உடைகள், என்னுடையவை. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து வாயை முடிச்சுப் போட்டேன். மாற்று உடைதான் ஏராளமாக இருக்கிறதே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அரிச்சல்முனையில் கால் நனைக்கப் போய் இடுப்புவரை நனைந்த பிள்ளைகளின் துணியும் அன்று மாலை அதே பைக்குள் போனது.

மூன்றாம் நாள் வீட்டில் பையைத் திறந்தேன். நாற்றத்தை விட்டுவிடுங்கள். அரக்குச் சாயம் வேட்டியில் திட்டுத் திட்டாக இறங்கியிருந்தது. சேலையின் முந்தானையில் கறும்புள்ளி. அது பூஞ்சை. ஈரப் பருத்தியைக் காற்றுப் போகாத பையில் வைத்து வேனின் வெக்கையில் இரண்டு மூன்று நாள் வைத்தால் அது வந்துவிடும். வந்தது இழைக்குள் இறங்கிவிட்டால் எந்தச் சோப்பும் முழுதாக எடுக்காது. தீர்த்தமாடிய அந்தச் சேலையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் மாமியாரின் ஆசை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. புள்ளி உள்ளே போகும்படி முந்தானையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அன்றைக்கு என்னிடம் மாற்று உடை ஒன்றே ஒன்று இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? அறைக்கு வந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி விரித்திருப்பேன். கடல்நீர் பட்ட துணியை அப்படியே காயப்போட்டால்கூடக் காய்வதில்லை. இழையில் தங்கும் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசினால் போதும். அந்த ஒரு முறையைச் செய்யவிடாமல் என்னைத் தடுத்தது பெட்டிக்குள் இருந்த மிச்ச 25 செட்தான். துணி நிறைய இருக்கிற இடத்தில் 'பிறகு' என்ற சொல் வந்துவிடுகிறது. ஈரத்துணிக்குப் 'பிறகு' கிடையாது.

எதிரணி நண்பர் ஒருவர் ரயில்வே விதியைக் காட்டினார். ஸ்லீப்பர் வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம் என்றார். உண்மைதான். ரயில்வே எடையை அனுமதிக்கிறது. நடைமேம்பாலப் படியில் அதைத் தூக்குவது நம் தோள். நான் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். என் மகனின் ஜீன்ஸ் ஒன்று 700 கிராம். டர்க்கி டவல் ஒன்று அரைக் கிலோ. நனைந்துவிட்டால் தூக்கிப் பாருங்கள். ஐந்து பேருக்கு இரண்டரைக் கிலோ வெறும் துண்டு! அதே இடத்தில் ஈரிழைத் துண்டு ஐந்தும் சேர்ந்து முக்கால் கிலோவைத் தாண்டவில்லை. காலையில் துவட்டினால் மதியத்துக்குள் உலர்ந்துவிடுகிறது. நம் தறியில் நெய்த துண்டை விட்டுவிட்டுக் கனத்த டவலைச் சுமக்கிறோமே என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

"அலசினால் காயுமா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. அதற்கு விடை எனக்குக் கொச்சியில் கிடைத்தது. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் ஒரு டோபி கானா இருக்கிறது. மூணாறு, ஆலப்புழை என்று சுற்றப் போகிறவர்கள் அங்கே ஒரு மணி நேரம் போய் நில்லுங்கள். சலவைக் கல்லில் நிற்பவர்கள் தமிழ் பேசுவார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று சொல்கிறார்கள். அங்கே கொடியைப் பார்த்தேன். ஒரு கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முறுக்கைச் சற்றே விலக்கித் துணியின் நுனியைச் செருகினால் கயிறே பிடித்துக்கொள்கிறது. காற்றில் பறப்பதும் இல்லை, ஒன்றன்மேல் ஒன்று சரிவதும் இல்லை. அன்று மாலையே கடைத்தெருவில் ஆறு மீட்டர் நைலான் கயிறு வாங்கி, இரண்டாக மடித்து முறுக்கி, விடுதி அறையின் குளியலறைக் கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் இடையே கட்டினேன். இன்றும் என் கைப்பையில் அந்தக் கயிறு இருக்கிறது.

காய்வதற்கு இன்னொரு வழி உண்டு. பிழிந்த சட்டையை உலர்ந்த துண்டின்மேல் விரித்து, பாய் போலச் சேர்த்துச் சுருட்டி, மேலே முழங்காலை வைத்து அழுத்துங்கள். கையால் முறுக்கிப் பிழிந்து எடுக்க முடியாத நீரையும் துண்டு குடித்துவிடும். பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டால், மெல்லிய சட்டை விடிவதற்குள் காய்ந்திருக்கும். இடுப்புப் பட்டையும் தையல் ஓரமும்தான் கடைசியில் காயும். அதனால்தான் திருப்பிப் போடச் சொல்கிறேன். ஜீன்ஸ் காயாது. அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்! பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி பயணத்துக்கு நல்லது. முழுப் பாலியெஸ்டர் சீக்கிரம் காய்ந்தாலும் வியர்வை வாடையை விடாது.

எதிரணி சொன்னதில் நான் ஏற்பதும் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; பனி இறங்குகிற இரவில் அங்கே எதுவும் காயாது. குற்றாலச் சாரலிலும் அப்படித்தான். அங்கே ஒரு செட் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் குளிரூரில் மேலே போடும் ஸ்வெட்டரை யாரும் தினம் மாற்றுவதில்லை. உள்ளே போடுவதை மட்டும் அலசினால் போதும். கைக்குழந்தை இருந்தால் கணக்கே பார்க்க வேண்டாம். மாதவிடாய் நாள் நெருங்கும் பெண்பிள்ளைக்கும் அப்படியே. அவளுக்குத் தாராளமாக எடுத்து வையுங்கள். பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது என்று விடுதியில் எழுதிப் போட்டிருந்தால் அதை மதிக்க வேண்டும். பெரிய உருப்படிகளை அந்த ஊர்ச் சலவைக் கடையில் கொடுங்கள். வெளுத்து இஸ்திரி போட்டு மடித்துத் தருவார்கள், உழைக்கிற ஒரு வீட்டுக்கு அந்தப் பணம் போகும்.

இப்போது அம்மையாரின் கேள்விக்குத் திரும்புகிறேன். ஏனென்றால் அதில் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது. "சரி, அலசுவதும் அம்மாதானே?" என்று நீங்கள் மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அலசுவது அம்மா என்றால் என் கட்சி பொய். எங்கள் வீட்டுப் பயண விதி இதுதான்: குளிக்கப் போகிறவர் தன் துணியை அலசிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். வீட்டில் இதைச் செய்யவைக்க என்னால் முடியவில்லை. அங்கே மெஷின் இருக்கிறது, அழுக்குக் கூடை இருக்கிறது, கூடையில் போட்டால் எப்படியோ மடித்து அலமாரிக்கு வந்துவிடும் என்ற பழக்கம் இருக்கிறது. விடுதி அறையில் கூடை இல்லை. ஒரு வாளி, ஒரு குழாய், மாற்றுக்கு ஒரே ஒரு சட்டை. பதினோரு வயது மகன் முதல் நாள் நுரை போகாமலே எடுத்துக்கொண்டு வந்தான். திருப்பி அனுப்பினேன். மறுநாள் தண்ணீர் தெளிந்து வரும்வரை அலசினான். திருமணமாகிப் பதினாறு ஆண்டுகளில் என் கணவர் தம் சட்டையைத் தாமே பிழிந்து உதறியதை நான் முதன்முதலில் பார்த்தது கொச்சி விடுதி அறையில்தான். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மகளோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, சீனவலையை நீரில் இறக்கித் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மையாரே, நீங்கள் கேட்ட விடுமுறை இதுதானே?

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. ஒரு நிமிடம் கொடுங்கள்.

சென்ற ஆண்டு மறுபடியும் இராமேசுவரம் போனோம். இந்த முறை ஆளுக்கு மூன்று செட், மொத்தம் இரண்டு பைகள். 22 தீர்த்தமும் ஆடி, உடை மாற்றிச் சாமி கும்பிட்டுவிட்டு நேராக அறைக்கு வந்தோம். மாமியார் தம் சேலையைத் தாமே அலசினார். கயிற்றில் போடப் போனேன், வேண்டாம் என்றார். விடுதிக்காரரிடம் கேட்டு மொட்டை மாடிக்கு என் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு முனையை அவள் கையில் கொடுத்து மறு முனையைத் தாம் பிடித்துக்கொண்டு, கடல் காற்றுக்கு எதிரே விரித்து நின்றார். அவருடைய அம்மா காசிக்குப் போனபோது இரண்டே சேலைதானாம். ஒன்று உடம்பில், ஒன்று காற்றில். படித்துறையில் கூட வந்த பெண்கள் இப்படித்தான் ஆளுக்கொரு முனை பிடித்து நிற்பார்களாம். ஆறு கஜமும் பாய்மரம் போலப் புடைத்தது. "பாட்டி, கை வலிக்கிறது, ஆனால் விடமாட்டேன்" என்று கத்தினாள் என் மகள். கால் மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டது. இருவரும் நெருங்கி வந்து, முனையோடு முனை சேர்த்து மடித்துக்கொண்டு கீழே இறங்கினார்கள்.

அந்தச் சேலை இப்போது என் மாமியாரின் பெட்டியில், ஒரு புள்ளி இல்லாமல் இருக்கிறது. தீர்ப்பு உங்களுடையது. நன்றி, வணக்கம்.