வெறுத்தவரை விரும்ப வைக்க 22 எபிசோட் வேண்டும்

இந்த மாலைக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் புரவலர் ஐயா அவர்களே, எனக்கு முன்பு விண்கலங்களின் இயக்கவியலைப் பற்றி அத்தனை தெளிவாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, வரவேற்புரை நல்கிய செயலாளர் அவர்களே, திரையும் ஒலிபெருக்கியும் பழுதில்லாமல் ஓட ஓடியாடிக்கொண்டிருக்கும் இளைஞர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

புரவலர் ஐயா அவர்களைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. பழைய தொடர்களை முதல் எபிசோடிலிருந்து கடைசி எபிசோட் வரை வரிசை மாறாமல் திரையிட வேண்டும் என்பதில் உறுதியாக நிற்பவர் அவர். அந்த உறுதிக்குள்தான் என் பேச்சின் சாரமே இருக்கிறது. அவருக்கு நன்றி.

முதலில் பிடிக்காத பாத்திரங்கள் பிறகு எப்படிப் பிடித்துப்போகின்றன என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, அந்த மனமாற்றத்தை எப்படிக் கட்டுகிறார்கள். இரண்டு, அது எங்கே உடைகிறது. மூன்று, முகத்தில் ரப்பரை ஒட்டிக்கொண்டு நடிப்பவர்கள் அதில் ஆற்றும் பங்கு. மூன்றுக்கும் சேர்த்து நம் முன்னோர் ஒரே வரியில் சொல்லி வைத்திருக்கிறார்கள்: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

விண்வெளி நிலையம் ஒன்றில் நடக்கும் பாபிலோன் 5 என்னும் தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் முன்னோட்டப் படம், 1994 முதல் 1998 வரை ஐந்து சீசன், சீசனுக்கு 22 எபிசோட், மொத்தம் 110. அதில் 92 எபிசோடுகளை தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ஒருவரே எழுதினார். அந்த விண்வெளி நிலையத்தில் இரண்டு தூதர்கள். நார்ன் இனத்தின் ஜிகார், சென்டாரி இனத்தின் லண்டோ மொல்லாரி. நார்ன்களைச் சென்டாரிகள் ஒரு காலத்தில் அடிமைப்படுத்தி ஆண்டவர்கள். முதல் எபிசோடில் என்ன நடக்கிறது? நார்ன்கள் ஒரு சென்டாரிக் குடியேற்றத்தைத் தாக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். ஜிகார் மன்றத்தில் எழுந்து நின்று பொய் சொல்கிறார், மார்தட்டுகிறார். பார்க்கிற நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லண்டோவோ குடியும் சூதாட்டமும் பழம்பெருமையுமாக இருக்கும் பாவப்பட்ட கிழவர். நம் அனுதாபம் அவர் பக்கம்.

ஆறாவது எபிசோடில் முதல் அடி விழுகிறது. கேத்தரின் சகாய் என்னும் பெண் தன் சிறிய கலத்தில் ஓர் ஆபத்தான கோளுக்குப் போகிறாள். போகாதே என்று ஜிகார் எச்சரிக்கிறார். அவள் நம்பவில்லை, நாமும் நம்பவில்லை. அவள் அங்கே சிக்கிக்கொண்டபோது காப்பாற்ற வருபவை ஜிகார் அனுப்பி வைத்த நார்ன் கலங்கள். இங்கே யாரும் வெளியில் தெரிகிறபடி இல்லை, நானும்தான் என்று பிறகு அவளிடம் சொல்கிறார். அவ்வளவுதான், சின்னக் காட்சி. அதன் பிறகும் பல எபிசோடுகளுக்கு அவர் எரிச்சலூட்டுகிறவராகவேதான் வருகிறார். அம்மி நகரவில்லை. ஆனால் அடி விழுந்துவிட்டது.

31-ஆவது எபிசோட், இரண்டாம் சீசனின் ஒன்பதாவது. 1996-இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்றது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். சென்டாரிப் பேரரசர் நிலையத்துக்கு வருகிறார். அவரைக் கொன்றுவிடுவது என்று ஜிகார் முடிவு செய்து, கத்தியோடு புறப்படுகிறார். மண்டபத்தில் காத்திருக்கிறார். பேரரசர் வரவில்லை, வழியிலேயே உடல்நலம் குலைந்து விழுந்துவிட்டார். படுக்கையிலிருந்து மருத்துவர் மூலம் ஜிகாருக்கு ஒரு செய்தி அனுப்புகிறார். என்ன செய்தி? எங்கள் இனம் உங்கள் இனத்துக்குச் செய்த கொடுமைகளுக்காக மன்னிப்புக் கேட்கத்தான் இத்தனை தூரம் வந்தேன் என்பது. கொல்லப் போனவர் அப்படியே நிற்கிறார். பிறகு நேரே லண்டோவைத் தேடிப் போகிறார். அதுவரை முகம் பார்த்துப் பேசாத மனிதருக்குத் தன் காசில் மது வாங்கித் தருகிறார். உங்கள் பேரரசர் நலமாக வாழட்டும் என்று கோப்பையை உயர்த்துகிறார். அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. எதிரே உட்கார்ந்திருக்கும் லண்டோவால் அந்தக் கோப்பையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏனென்றால் தன் ஏற்பாட்டின்படி நார்ன் குடியேற்றம் ஒன்றின் மீது தாக்குதல் கிளம்பிவிட்டது என்பது அவருக்குத் தெரியும், ஜிகாருக்குத் தெரியாது. அந்த ஒரு மேசையில் நம் விருப்பும் வெறுப்பும் இடம் மாறி உட்கார்ந்துவிடுகின்றன. கிழவர்மேல் நாம் வைத்திருந்த அனுதாபம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது.

அடுத்து 46-ஆவது எபிசோட். இதற்குள் நார்ன் தாயகம் சென்டாரிகளிடம் விழுந்துவிட்டது. ஒரு நார்ன் ஒரு சென்டாரியைக் கொன்றால் பதிலுக்கு 500 நார்ன்கள் கொல்லப்படுவார்கள் என்பது புதிய சட்டம். நிலையத்தில் குண்டு வெடிக்கிறது. லண்டோவும் ஜிகாரும் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். புகை ஏறுகிறது. தப்பிக்க வழி தேடுவோம், உதவு என்று லண்டோ கெஞ்சுகிறார். ஜிகார் கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறார். உன்னைக் கொன்றால் என் மக்கள் 500 பேர் சாவார்கள், நீ தானாகச் செத்தால் யாருக்கும் நட்டமில்லை, அதைப் பார்த்துக்கொண்டே நானும் சாவதில் எனக்கு முழுச் சம்மதம் என்கிறார். கடைசியில் இருவரையும் உயிரோடு மீட்டுவிடுகிறார்கள். நீங்கள் சிரிக்கிறீர்கள், அந்தக் காட்சியும் சிரிக்க வைப்பதுதான். ஆனால் அந்தச் சிரிப்போடு சேர்ந்து இந்த இரண்டு பேரும் ஒரே கூட்டுக்குள் வாழ்கிறவர்கள் என்ற எண்ணம் நமக்குள் ஊன்றிவிடுகிறது. செலவு என்ன? ஒரு லிஃப்ட் பெட்டி, கொஞ்சம் புகை, இரண்டு நடிகர்கள். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

லண்டோ மாரடைப்பில் கிடந்து, கனவிலிருந்து விழித்து, ஜிகாரிடம் வருந்துகிறேன் என்று சொல்வது 90-ஆவது எபிசோட். என் இனத்தால் உங்கள் இனத்தை மன்னிக்க முடியாது, ஆனால் நான் உங்களை மன்னிக்கிறேன் என்று ஜிகார் சொல்வது 106-ஆவது எபிசோட். இடையில் எத்தனை அடி என்று எண்ணிப் பாருங்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

இதைக் கட்டுகிற முறையைச் சொல்கிறேன். ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன் தொடரில் ஃபெரெங்கி என்னும் வணிக இனத்தைச் சேர்ந்த நாக் என்னும் சிறுவன் நல்ல பாடம். 1993-இல் முதல் கதையிலேயே திருடிப் பிடிபடுகிறான். மூன்றாம் சீசனின் 13-ஆவது எபிசோடில், உடன் வந்த பெண்ணை ஏவல் செய்து நண்பன் ஜேக்கின் மாலைப்பொழுதையே கெடுக்கிறான். அடுத்த எபிசோடிலேயே, விண்படைக் கழகத்தில் சேரப் பரிந்துரை செய்யுங்கள் என்று ஜேக்கின் தந்தையும் விண்வெளி நிலையத்தின் தலைவருமான சிஸ்கோவிடம் வந்து நிற்கிறான். சிஸ்கோ நம்பவில்லை. சரக்கறையைக் கணக்கெடுக்கும் வேலையைக் கொடுக்கிறார். பையன் அதைப் பிழையில்லாமல் முடிக்கிறான். அப்போதும் காரணம் கேட்டு விரட்டுகிறார். என் அப்பா கைத்திறன் உள்ளவர், வியாபாரம் அவருக்கு வரவில்லை, அவரைப் போல வீணாகிவிடக் கூடாது என்று பையன் வெடித்து அழுகிறான்.

கவனியுங்கள். குற்றத்தை அழிக்காமல் பக்கத்திலேயே விட்டுவைத்தார்கள். நாம் ஏற்கெனவே மதிக்கிற ஒருவரை நமக்காகச் சந்தேகப்பட வைத்தார்கள். அவர் நம்பிய பிறகுதான் நாம் நம்புகிறோம். பேச்சுக்கு முன்னால் வேலையைக் காட்டினார்கள். அந்த எபிசோடின் முதன்மைக் கதை வேறு, இது துணைக்கதை மட்டுமே. மனமாற்றம் பெரும்பாலும் துணைக்கதையில்தான் நடக்கும், ஏனென்றால் அங்கே நாம் தற்காப்போடு உட்கார்ந்திருப்பதில்லை. ஏழாம் சீசனில் அதே பையன் போரில் காலை இழந்து, பத்தாவது எபிசோடில், கணினி கற்பனை உலகைக் காட்டும் மாயக்கூடத்துக்குள் ஒளிந்துகொள்ளும்போது கலங்காத பார்வையாளர் அரிது. ஒரு முழு எபிசோடைத் துணைப் பாத்திரம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். சீசனுக்கு 26 எபிசோட் இருந்ததால் கொடுக்க முடிந்தது.

இனி எங்கே உடைகிறது? ஸ்டார் டிரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷனில் மருத்துவர் புலாஸ்கி, இரண்டாம் சீசன், 1988-89. வந்தவுடனே டேட்டா என்னும் இயந்திர மனிதனை வெறும் கருவி போல நடத்துகிறார். டேட்டாவுக்குக் கோபம் வராது. ஆகவே அவனுக்காக நாம் கோபப்படுகிறோம். திருப்பி அடிக்க முடியாதவனை, அதுவும் நாம் ஓராண்டாக நேசித்தவனைச் சீண்டினால் அந்தப் பாத்திரத்தை மீட்பது மிகக் கடினம். அவர் மனம் இளகுவதை எழுதத்தான் செய்தார்கள். ஆனால் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் அந்தச் சீசன் 22 எபிசோடாகச் சுருங்கியது, அடுத்த சீசனில் அவர் இல்லை.

இதைவிட வேதனையானது டாக்டர் ஹூ தொடரின் கதை. டாக்டர் என்னும் நாயகனாக நடிகர்கள் மாறி மாறி வரும் அந்தத் தொடரில் ஆறாவது டாக்டராக நடித்தவர் காலின் பேக்கர். முதலில் பிடிக்காதவராக இருந்து மெல்ல மெல்ல இளகும்படி திட்டமிட்டே அந்தப் பாத்திரத்தை அமைத்தார்கள். திட்டம் நல்லது. தவறு வேறிடத்தில் நடந்தது. தோழி பெரியின் கழுத்தை அவர் நெரிக்கும் அந்த அறிமுகக் கதையை 1984 மார்ச்சில், சீசனின் கடைசிக் கதையாக வைத்தார்கள். அடுத்த கதை 1985 ஜனவரியில். ஒன்பது மாதம் பார்வையாளர் மனத்தில் அந்தக் கைகள் மட்டுமே நின்றன. பிறகு 18 மாதம் தொடரையே நிறுத்தினார்கள். 1986 முடிவதற்குள் நடிகரையும் நீக்கினார்கள். அடி விழவே இல்லை, அம்மி எப்படி நகரும்? 1999-இல் ஒலிநாடகங்கள் தொடங்கி, அவருக்கு எபிசோடுக்கு மேல் எபிசோடாகக் கிடைத்தபோதுதான் அந்தப் பாத்திரம் இரசிகர்களின் அன்பைப் பெற்றது. நடிகர் அவரேதான், பாத்திரமும் அதேதான். அப்போது கிடைக்காத அவகாசம் இப்போது கிடைத்தது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. 1965-இல் தொடங்கிய லாஸ்ட் இன் ஸ்பேஸில் டாக்டர் ஸ்மித் ஒரு குடும்பத்தையே கொல்ல வந்த சதிகாரர். ஜோனதன் ஹாரிஸ் அவரைக் கோமாளியாக மாற்றினார், மக்களுக்குப் பிடித்தது. ஆனால் ஆபத்தே இல்லாதவர் திருந்துவதற்கு என்ன இருக்கிறது? இதை நீட்டி விவாதிக்க நேரமில்லை. தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார், அவர் பெருந்தன்மைக்கு நன்றி. மூன்றாவது செய்தியை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

இன்று புதிய தொடர்களுக்குச் சீசனுக்கு எட்டு எபிசோட், பத்து எபிசோட். பத்துக்குள் கதையை முடிக்க வேண்டும் என்றால் எழுத்தறையில் எதை முதலில் வெட்டுவார்கள்? லிஃப்டை வெட்டுவார்கள். சரக்கறைக் கணக்கெடுப்பை வெட்டுவார்கள். போர் மிஞ்சும், சதி மிஞ்சும். எரிச்சலூட்டுகிற பாத்திரம் ஒரே எபிசோடில் ஒரு கண்ணீர்ப் பேச்சு பேசி, அடுத்ததில் நல்லவராகிவிடும். நாம் நம்ப மாட்டோம். இப்படிப்பட்ட எபிசோடுகளை வெற்று நிரப்பல் என்று கேலி செய்கிறவர்களிடம் நான் மன்றாடிக் கேட்கிறேன், அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். தவிர்க்கலாம் என்று பட்டியல் போட்டுத் தருகிறவர்கள் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்வது அடி விழுகிற இடத்தைத்தான். புதுத் தொடரில் ஒரு பாத்திரம் பிடிக்கவில்லையா? ஆறு எபிசோட் பொறுங்கள். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். வெறுப்பு ஊறவும் ஆறவும் இடைவெளி தேவை. ஓட்டத்தை வேகப்படுத்திப் பார்க்காதீர்கள். ஜிகாரின் சிரிப்பு ஒன்றரை மடங்கு வேகத்தில் வெறும் சத்தம்.

22 எபிசோட் எடுப்பது தொழிலாளர்களை வாட்டும் என்று ஒரு பதில் வரும். நியாயமான கவலை, தள்ளிவிட முடியாது. அதற்குத்தான் லிஃப்ட் கணக்கைச் சொன்னேன். ஏற்கெனவே இருக்கும் அரங்கு, நிரந்தர நடிகர்கள், வரைகலை இல்லாத கதை: இதைப் பாட்டில் எபிசோட் என்பார்கள். 22 இல்லாவிட்டாலும் சீசனுக்கு 20 எபிசோட், அதில் நான்கு பாட்டில் எபிசோட், எழுத்தறையில் ஆள் குறைக்காமல். தொடர் எடுக்கும் நிறுவனங்களிடம் இதுதான் நம் கோரிக்கை.

வெளியே வாசலருகே மேசையில் கடிதத்தாள் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். நீங்கள் வெறுத்து, பிறகு விரும்பிய ஒரு பாத்திரத்தின் பெயர், அந்த மாற்றம் நிகழ்ந்த சீசன் எண், எபிசோட் எண், அந்தக் காட்சி இரண்டு வரியில், பிறகு 20 எபிசோட் என்ற கோரிக்கை. வசைச்சொல் ஒன்றும் வேண்டாம்; வசை இருக்கிற கடிதத்தை எவரும் மேலே அனுப்ப மாட்டார்கள். எண் நினைவில் இல்லாதவர்கள் செயலாளர் அவர்களிடம் கேளுங்கள், எபிசோட் அட்டவணை அவர் கையில் இருக்கிறது. அரங்கத்தை மூடுவதற்குள் கொடுத்துவிட்டுப் போங்கள். வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கும் பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.